காலிக் கூடையும் எட்டுப் பாட்டும்

பாட்டுப் பதிவு உட்கார்ந்து செய்கிற வேலை என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர்கள் கையில் பல் முளைக்கிற குழந்தை ஒன்றைக் கொடுத்து, ஒரே ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை பாடச் சொல்லுங்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். பெயர் இசக்கியம்மா. ஆள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. ரேஷன் கடையில்கூட எனக்கு வேண்டியதை என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிற மரியபுஷ்பம் அக்காதான் சொல்லி வாங்கித் தரும். ஆனால் கொழுந்துக் காட்டில் கை ஓடுகிறபோது வாய் தானாகப் பாட்டுக் கட்டும். தாலாட்டு, தெம்மாங்கு எல்லாம் இல்லை. எல்லாம் திட்டு. மழையைத் திட்டுவேன், அட்டையைத் திட்டுவேன், மேட்டைத் திட்டுவேன்.

எழுபத்தி நாலாம் வருஷம் மழை ஓய்கிற சமயம், ஃபேக்டரி எலக்ட்ரீசியன் ஜோசேட்டன் எங்கள் காட்டில் கம்பத்தின் மேல் இருந்து வயர் கட்டிக்கொண்டிருந்தார். சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவர். இங்கிலீஷ்காரர்களின் ராக் பாட்டு என்றால் பைத்தியம். கீழே நான் பாடினேன்:

அட்டைக்கும் ஆறு மணி, எனக்கும் ஆறு மணி
ரெண்டு பேரும் ரத்தத்துக்குத்தான் வேலைக்கு வந்தோம்.

மனுஷன் கம்பத்திலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கி வந்துவிட்டார். மெட்ராஸில் ரெக்கார்டு போடுகிற ஒரு சின்னக் கம்பெனிக்கு அவரே கடிதம் எழுதினார். பதில் வந்தது: சொந்தமாகக் கட்டின எட்டுப் பாட்டை ஸ்பூல் டேப்பில் பதிந்து அனுப்புங்கள், பக்கத்துக்கு நாலாகப் பெரிய இசைத்தட்டு போடலாம், எட்டு இல்லாவிட்டால் அனுப்ப வேண்டாம்.

ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஹெட்கிளார்க் ஐயாவின் மச்சினரிடம் இருந்தது. கல்பாத்தியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிற விச்சு சாமி. ஃபேக்டரியில் ஏதோ மைக் செட் பொருத்த இரண்டு மாதத்துக்கு வந்திருந்தார். கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்கு ஊருக்குத் திரும்பிவிடுவார், மிஷினும் கூடப் போய்விடும். நடுவில் இருந்தது எட்டு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் எட்டுப் பாட்டு. வாயில்லாப் பூச்சி என்று பேர் வாங்கின எனக்கு, நான் சொன்னதை நாலு பேர் நின்று கேட்டார்கள் என்று ஒரு தடவையாவது ஆக வேண்டும் என்று ஒரே வெறி. இடுப்பில் பிள்ளையும் நெஞ்சில் பயமுமாக வேலைக்குப் போகிற உங்களுக்கு இந்த வெறி புரியும்.

கைக்கு வேலை வேண்டும்

ஃபேக்டரி மாடியில் பச்சை இலையை வாட்டுவதற்குச் சாக்குத்துணித் தட்டுகள் அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே இலை இருக்காது, மிஷினும் ஓடாது. விச்சு சாமி மாடிக்கு வந்ததும் கையைத் தட்டிப் பார்த்தார். சத்தத்தைச் சாக்கு குடித்துவிட்டது. எதிரொலி கிடையாது. அவருக்கு ஒரே குஷி. கயிற்றில் மைக்கைத் தொங்கவிட்டு என்னை அதன் முன்னால் நிறுத்தினார்கள். ஸ்பூல் சுற்றியது. எனக்கு வாயே திறக்கவில்லை. மூன்று தடவை சுற்றி மூன்று தடவை நின்றது. என் வீட்டுக்காரர் சுடலை படிக்கட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைவிட அதிகமாக வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

ஜோசேட்டன் மட்டும் யோசித்தார். ஓடிப்போய்த் தேயிலைக் கிளைகளைக் கொழுந்தோடு வெட்டி, ஒரு வாளியில் நட்டுக் கொண்டுவந்து வைத்தார். படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி, கூடையை முதுகில் மாட்டி, எல்லோருக்கும் முதுகு காட்டி நின்றேன். கை கிளையில் பட்டதும் பாட்டு கொட்டியது. பாட்டு முடிகிறபோது வாளியில் குச்சிதான் மிச்சம். அன்றிலிருந்து பாட்டுக்கு ஒரு வாளி என்று கணக்கு.

ஆனால் விச்சு சாமிக்கு முகம் சரியில்லை. காதில் மாட்டிக்கொண்டு கேட்டால் பாட்டு முழுக்க 'டிக் டிக்' என்று ஏதோ சத்தம் வருகிறதாம். மிஷினைத் திறந்து ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றிச் சாக்கில் பரப்பிவிட்டார். அரைமணி நேரம் தேடினார். அதற்குள் நான் பதற்றத்தில் குச்சியில் மிச்சமிருந்த ஒன்றிரண்டு இலையைக் கிள்ள ஆரம்பித்துவிட்டேன். சாமி தலையை நிமிர்த்தி என் கையைப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"ரிப்பேர் மிஷின்ல இல்லை கேட்டேளா, விரல்லயாக்கும்."

முதுகுக்குப் பின்னால் விழுகிற தாளம்

டிரம் வாசிக்க வந்தவன் தங்கராசு. சல்லடை ரூமில் வேலை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பேண்டு செட்டில் கொட்டுகிறவன். அவனுக்கு என்னோடு சேரவே முடியவில்லை. இரண்டு அடி பாடினால் நான் ஒரு நொடி நின்றுவிடுகிறேனாம். அவன் ஒன்று முந்திப் போவான், இல்லை பிந்தி வருவான். ஏன் நிற்கிறேன் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. நான் நிற்கிறேன் என்பதே அவன் சொல்லித்தான் தெரியும்.

மரியபுஷ்பம் அக்கா அன்றைக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தது. அதுதான் கண்டுபிடித்தது. கொழுந்து எடுக்கிறவளுக்குக் கைநிறையச் சேர்ந்ததும் அதைத் தோளுக்கு மேலே பின்னால் கூடையில் வீச வேண்டும். நான் இரண்டு அடிக்கு ஒரு வீச்சு வீசுகிறேன். பன்னிரண்டு வயசிலிருந்து வீசுகிற கை. கூடை இருக்கிறதா இல்லையா என்றுகூட அது பார்க்காது. அக்கா சொன்னது, "ஏலேய் தங்கராசு, அவ வாயைப் பாக்காதடா, தோளைப் பாரு."

அதற்குப் பிறகு என் கை தோளைத் தாண்டுகிறபோதெல்லாம் அவன் பித்தளைத் தட்டில் ஓங்கி ஓர் அடி. 'ஜங்' என்று அது விழுந்ததும் எனக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது இதுதானா என்று இருந்தது. மறு ஞாயிற்றுக்கிழமை தங்கராசு வீட்டிலிருந்தே ஒரு கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தான். விச்சு சாமி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"சிரிக்காதீங்க சாமி, பாரம் முதுகுல இருந்தாத்தான் இந்தத் தாளம் புரியுது."

நல்லதைக் கெடுப்பது

ஜோசேட்டனின் கிட்டாருக்கு ஸ்பீக்கர் ஒரு டூரிங் கொட்டகையில் கழித்துப் போட்டது. உள்ளே இருக்கிற காகிதம் நீளத்துக்குக் கிழிந்திருக்கும். கம்பியைத் தட்டினால் தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி கர்ரென்று வரும். முதலில் கேட்டபோது நான் பிள்ளையின் காதைப் பொத்தினேன். பிறகு அட்டைப் பாட்டோடு சேர்த்துக் கேட்டால், அட்டைக்கே வாய் இருந்தால் இப்படித்தான் பேசும் என்று தோன்றியது.

கச்சேரி பதிவு பண்ணியே பழகிய விச்சு சாமிக்கு அது தாங்கவில்லை. பாவம், நல்ல மனசு. ஒரு சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் மாடிக்குப் போய், மெல்லிசுத் துணி ஒட்டிப் பசை தடவி ஸ்பீக்கரைச் சரி பண்ணி வைத்துவிட்டார். ஞாயிறு காலையில் ஜோசேட்டன் கம்பியைத் தட்டினார். தேன் மாதிரி வந்தது சத்தம். சாமி பெருமையாகச் சிரித்தார். ஜோசேட்டன் முகம் வெளுத்துப்போய், யாரோ செத்த மாதிரி ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"சாமீ, எந்தா இது செய்தது?" என்று மட்டும் கேட்டார். கோபம்கூட இல்லை. பிறகு சவரம் செய்கிற பிளேடு ஒன்றை வாங்கிவரச் சொல்லி மறுபடி கிழித்தார். ஒரு கிழிசல் போதவில்லை. கொஞ்சம் கூடுதலாகிவிட்டது. அதற்கு ஓர் ஒட்டு. ஒட்டு அதிகமாகிவிட்டது. அதற்கு ஒரு கிழிசல். காலை முழுவதும் சாமி ஒட்ட, ஜோசேட்டன் கிழிக்க, பழைய கர்ர் வந்தபோது மணி பன்னிரண்டு. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சாமி வேஷ்டியில் பசையைத் துடைத்தார்.

"நாற்பது வருஷமா கெட்டதை நன்னாக்கித்தான் ஜீவிச்சேன். நல்லதைக் கெடுக்கறது இவ்வளவு சிரமமான ஜோலின்னு இன்னிக்குத்தானே தெரியறது."

கொட்டு நின்றால் அழுகை

என் பிள்ளை செல்விக்கு அப்போது எட்டு மாதம். டிரம் சத்தத்தில் பயந்துபோவாள் என்று முதல் வாரம் ஊரே என்னைத் திட்டியது. நடந்தது வேறே. சாக்குத் தட்டில் தூளியில் கிடக்கிற மாதிரி படுத்துக்கொண்டு, தங்கராசு கொட்ட ஆரம்பித்ததும் கண்ணை மூடுவாள். கர்ரென்று கிட்டார் அறுக்கும், நான் கத்துவேன், அவள் வாயைப் பிளந்து தூங்குவாள். பாட்டு நின்ற அடுத்த நிமிஷம் விழித்துக்கொண்டு வீல் என்று அழுவாள்.

அதனால் பாட்டு முடிந்த பிறகும் தங்கராசு கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பதிவு சரியாக வந்ததா என்று சாமி காதில் மாட்டிக் கேட்டுப் பார்க்கிற வரைக்கும், நான் தண்ணீர் குடிக்கிற வரைக்கும், வாளியில் புதுக் கிளை நடுகிற வரைக்கும். ஒரு ஞாயிறு ஒரே பாட்டை மூன்று தடவை எடுக்க வேண்டி வந்தது; நடுவில் அவனுக்குப் பசித்து, ஒரு கையால் கட்டன் சாயா குடித்துக்கொண்டு ஒரு கையால் கொட்டினான்.

"அக்கா, பேண்டு செட்டுல பொணத்தை இறக்கி வைச்சாலாவது நிறுத்தச் சொல்லுவாங்க."

அடுப்புக்கு முன்னால் ஒரு மலை

ஐந்தாவது பாட்டைப் பாடுவதற்கு எனக்கு நடுக்கம். காரணம், அது என் வீட்டுக்காரரைத் திட்டுகிற பாட்டு. லயத்து வரிசைவீட்டில் எங்கள் அடுப்படியில் ஒரு ஆள் படுத்தால் இன்னொரு ஆள் தாண்டித்தான் போகவேண்டும். வேலை விட்டு வந்ததும் அவர் அங்கேதான் காலை நீட்டிக் குளிர்காய்வார். நான் குடத்தோடு தாண்டுவேன், விறகோடு தாண்டுவேன், பிள்ளையோடு தாண்டுவேன். கல்யாணமான நாளிலிருந்து இதை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாட்டாகக் கட்டி வைத்திருந்தேன்:

அடுப்புக்கு முன்னால ஒரு மலை படுத்திருக்கு
விறகு கொண்டா, வெந்நி கொண்டான்னு மலை பேசுது
ஏறி இறங்கி ஏறி இறங்கி என் முட்டி தேஞ்சுது.

அவர் படிக்கட்டில் இருக்கிறபோதே பாடிவிட்டேன். நான்தான் முதுகு காட்டி நிற்கிறேனே. முடிந்ததும் சாமி அதைத் திருப்பிப் போட்டார். எல்லோரும் எங்கேயோ பார்த்தார்கள். மரியபுஷ்பம் அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டது. அவர் மட்டும் கன்னத்தில் கைவைத்து, தலையை ஆட்டி ஆட்டி முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"நல்லாத்தான் திட்டியிருக்க, அந்தச் சோம்பேறிப் பய யாரு புள்ள, நம்ம லயத்துலயா இருக்கான்?"

கங்காணியின் தொண்டை

ஏழு ஞாயிறு போய் ஏழு பாட்டு முடிந்தது. எட்டாவது, நிறுவைப் பாட்டு. எடுத்த கொழுந்தைத் தராசில் நிறுக்கிறபோது ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள் அல்லவா, அதைப் பற்றியது.

ஈரத்துக்குக் கழிச்சீங்க, சாக்குக்குக் கழிச்சீங்க
என் முதுகுக்கு எவ்வளவு கழிச்சீங்க?

கடைசியில் கங்காணி போடுகிற கூப்பாடோடு பாட்டு முடிய வேண்டும்: "நிறுவைக்கு இறங்குங்கோவ்." அதுதான் எனக்கு வரவில்லை. பாடச் சொன்னால் பாடிவிடுவேன். கத்திக் கூப்பிட எனக்கு எங்கே வாய்? முனகல்தான் வந்தது. சரி, கூப்பிடுகிறவரையே கூப்பிடுவோம் என்று ஜோசேட்டன் போய்ப் பெரியசாமிக் கங்காணியைக் கேட்டார். சூப்பர்வைசர் என்று பேர் மாறிப் பல வருஷம் ஆனாலும் எங்களுக்கு அவர் கங்காணிதான். இரண்டு மலைக்குக் கேட்கிற தொண்டை. பாட்டு யாரைத் திட்டுகிறது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "மைக்குல நானா?" என்று மட்டும் கேட்டாராம்.

எட்டாம் ஞாயிறு பார்த்து, கொழுந்து அதிகம் என்று எல்லோருக்கும் வேலை போட்டுவிட்டார்கள். மாடியெங்கும் பச்சை இலை. மூன்று மணிக்குக் கீழே மிஷின் ஓட ஆரம்பித்துவிடும். என்னை இலை பரப்புகிற வேலையில் போட்டிருந்தார்கள், அது ஒன்றுதான் நல்லது. மறுநாள் காலை பஸ்ஸில் விச்சு சாமி கிளம்புகிறார். ஸ்பூலில் மிச்சமிருந்த டேப் ஒரே ஒரு தடவைக்குத்தான் வரும் என்று சொல்லிவிட்டார். கங்காணி கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, சாப்பாட்டு நேரத்தில் வந்து மைக்குக்கு முன்னால் நின்றார்.

அன்றைக்கு வாளி வேண்டியிருக்கவில்லை. இரண்டு கையையும் இலைக்குள் விட்டேன். அள்ளி அள்ளிப் பாடினேன். கூட இலை பரப்பிக்கொண்டிருந்த பத்துப் பெண்களுக்கும் இந்தப் பாட்டு காட்டிலேயே பழக்கம். "எவ்வளவு கழிச்சீங்க, எவ்வளவு கழிச்சீங்க" என்று அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாடிப் பலகை அதிர்ந்தது. என் உடம்பு தரையில் இல்லை. பாட்டு முடிந்தது, கங்காணியின் இடம் வந்தது.

கங்காணி வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். காற்றுகூட வரவில்லை. தங்கராசு விடாமல் கொட்டினான். ஜோசேட்டன் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணால் கெஞ்சினார். சாமி டேப்பைப் பார்த்து மூன்று விரல் காட்டினார், இரண்டு விரல் காட்டினார். எத்தனை வருஷம் இந்த மனுஷன் கூப்பிட்டுக் கூப்பிட்டு நான் மலை இறங்கியிருக்கிறேன். எட்டு வாரமும் என் கண்முன்னால் போய்விடும் போல் இருந்தது. சாமி ஒரு விரல் காட்டினார். நான் கையிலிருந்த இலையைத் தோளுக்கு மேலே வீசினேன். "நிறுவைக்கு இறங்குங்கோவ்."

என் தொண்டையிலிருந்துதான் வந்தது. இலை பரப்பிய பத்துப் பெண்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படக்கென்று நிமிர்ந்தார்கள். ஸ்பூல் முடிந்து டேப்பின் நுனி பட் பட் என்று அடித்துக்கொண்டது. கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்தார்.

"தொண்டையில ஒண்ணுமில்ல தாயி, அந்த மைக்குக் குச்சி என்னைய முறைச்சுப் பாக்குது."

மூன்று மலை

தட்டு வந்து சேர நாலு மாதம் ஆனது. என் போட்டோவை நான் கொடுக்கவில்லை. தட்டின் உறைமேல் ஒரு காலிக் கூடை படமும் கீழே என் பெயரும். 'இசக்கியம்மா' என்று அச்சில் பார்த்தபோது, வேறு யாரோ பெரிய மனுஷி என்று நினைத்தேன். ஸ்டாஃப் கிளப்பின் ரெக்கார்டு பிளேயரைக் கேட்டு வாங்கி, காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற மைதானத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, ஜோசேட்டன் ஒரு மத்தியானம் அதைப் போட்டார். நாங்கள் வேலையில் இருக்கும்போதே கேட்கட்டும் என்று.

ஒன்றரை மணிக்கு என் குரல் மலையில் ஏறி வந்தது. நான் செடிக்குள் குனிந்தவள் நிமிரவே இல்லை. டிக் டிக் என்று என் விரல், ஜங் என்று என் வீச்சு, கர்ரென்று அந்தக் கிழிந்த ஸ்பீக்கர். சுற்றி நின்றவர்கள் கொழுந்தை விட்டுவிட்டுக் கேட்டார்கள். அடுப்படி மலைப் பாட்டு வந்தபோது, என் வீட்டுக்காரர் இருக்கிற மருந்தடிக்கிற கேங்கில் யாரோ அவரிடம் அந்த மலை அவர்தான் என்று சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. அங்கிருந்து ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து அடுப்பங்கரையில் நடக்க வழி இருக்கிறது.

பக்கத்துக்கு நாலாக எட்டும் ஓடியது. கடைசியில் அந்தக் கூப்பாடு. எங்கள் காட்டில் இருந்தவர்களுக்கு அது பாட்டு என்று தெரியும். மேலே ஒன்பதாம் நம்பர், பத்து, பதினொன்று காடுகளில் இருந்தவர்களுக்குப் பாட்டு அரைகுறையாகத்தான் காற்றில் போயிருக்கிறது, கூப்பாடு மட்டும் முழுசாகப் போய்விட்டது. மூன்று மலையிலிருந்தும் பெண்கள் சாக்கைக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு வரிசையாக இறங்கி வந்தார்கள். நிறுவை நாலு மணிக்கு. அப்போது மணி இரண்டரைகூட ஆகவில்லை. தராசுகூட மாட்டவில்லை.

ஃபீல்டு ஆபீஸர் மோட்டார் சைக்கிளில் வந்து, "யார் கூப்பிட்டது?" என்று சத்தம் போட்டார். எல்லோரும் குழாயைக் காட்டினார்கள். குழாய் சும்மா இருந்தது. இறங்கி வந்தவர்கள் மறுபடி ஏறமாட்டோம் என்று சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தராசைக் கொண்டுவரச் சொன்னார். என்னைத் தேடுகிறார் என்று தெரிந்து, மரியபுஷ்பம் அக்கா முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். பெரியசாமிக் கங்காணி குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"கூப்பிட்டவ அந்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கா ஐயா. நான் கூப்பிட்டா பாதிப் பேரு காது கேக்காத மாதிரி நிப்பாளுக. இவளுக்கு மூணு மலையும் இறங்கி வருது பாருங்க."

எட்டுப் பாட்டும் தட்டில் ஏறி, என் ஒரு கூப்பாட்டுக்கு மூன்று மலை இறங்கி வந்த பிறகும், ரேஷன் கடையில் என் முறை வந்தால் 'மண்ணெண்ணெய்' என்று சொல்வதற்கு இன்றைக்கும் மரியபுஷ்பம் அக்காவைத்தான் கிள்ளுகிறேன்.